நடுக்கடலில் நல்ல காபி

உல்லாசக் கப்பலில் நீச்சல் குளம் உண்டு, நாடக அரங்கு உண்டு, காசினோ உண்டு. விடியற்காலையில் ஒரு டம்ளர் உருப்படியான காபிக்கு மட்டும் ஏன் இத்தனை தேடல்?

அதிகாலை 5.30. முந்தின நாள் மாலை மும்பைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய கப்பல் அரபிக் கடலில் தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. மேல்தளத்து உணவுக்கூடத்தில் விடிவதற்கு முன்பே ஒரு வரிசை. பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். எல்லோர் கண்ணும் சுவரோரம் நிற்கும் இயந்திரத்தின் மேல். பொத்தானை அழுத்தினால் சில விநாடிகளில் கோப்பை நிறைகிறது. நிறம் சரியாக இருக்கிறது. ஆவி பறக்கிறது. மணம் மட்டும் வரவில்லை.

மாட்டுங்காவில் வசிக்கும் என் பெரியம்மாவுக்கு வயது 71. ஐம்பது ஆண்டுகளாக அவருக்கு நாள் தொடங்குவது ஐந்தரை மணிக் காபியில். பிள்ளைகள் சேர்ந்து பணம் போட்டு, துணைக்கு என்னையும் கூட்டி அனுப்பிய முதல் கடல் பயணம் இது. ஒரு வாய் குடித்தார். கோப்பையை மேஜை மேல் வைத்தார்.

"இது காபி இல்லடா. காபி டம்ளரை அலம்பின தண்ணி."

அதன் பிறகு அதைத் தொடவில்லை. பகல் முழுவதும் தலைவலி. சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல. காஃபீனுக்குப் பழகிய உடலுக்கு அது திடீரென்று நின்றால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. மாலையில் அவர் கேட்டார்: "இவ்வளவு பெரிய கப்பல் கட்டத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு காபி போடத் தெரியாதா?"

தெரியும் என்பதுதான் விசித்திரம். அதே கப்பலில் நல்ல காபியும் இருந்தது. எங்கே, எந்த விலைக்கு என்பதுதான் தேட வேண்டியதாக இருந்தது.

பொத்தானுக்குப் பின்னால்

நடுத்தர அளவுள்ள ஒரு கப்பலிலேயே ஆயிரக்கணக்கில் பயணிகள் இருப்பார்கள். எல்லோருக்கும் காபி வேண்டிய நேரம் அதே மூன்று மணி நேரம். இதைச் சமாளிக்கப் பல கப்பல்களின் இலவச உணவுக்கூடங்களில் பயன்படுவது திரவச் சாறு. எங்கோ ஒரு தொழிற்சாலையில் முன்பே வடித்து, சுண்டவைத்து, பையில் அடைத்த காபி. இயந்திரம் செய்வதெல்லாம் அதில் வெந்நீரைக் கலப்பதுதான். பொடி வேண்டாம், வடிகட்ட வேண்டாம், சக்கை கொட்ட வேண்டாம். ஆயிரமாவது கோப்பையும் முதல் கோப்பை மாதிரியே இருக்கும். குறை என்னவென்றால், முதல் கோப்பையும் ஆயிரமாவது கோப்பை மாதிரியே இருக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் உண்டு. கப்பல் நிறுவனங்கள் டிக்கெட்டில் மட்டும் சம்பாதிப்பதில்லை. மதுபானம், காசினோ, மசாஜ், கரையில் சுற்றுலா என்று கப்பலில் ஏறிய பிறகு பயணி செய்யும் செலவு முக்கிய வருமானம். உலகின் இரு பெரும் நிறுவனங்களான கார்னிவல், ராயல் கரீபியன் ஆகியவற்றின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், மொத்த வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டிக்கெட் அல்லாத வகையில் வந்தது. அந்தப் பட்டியலில் காபிக்கும் இடம் உண்டு. 2010இல் 'அல்யூர் ஆஃப் தி சீஸ்' கப்பலில் ஸ்டார்பக்ஸ் தன் முதல் கடல் கடையைத் திறந்தபோது, இலவசக் காபியும் காசுக் காபியும் ஒரே கப்பலில் இரண்டு ஜாதிகளாகிவிட்டது எல்லோருக்கும் தெரியும்படி ஆயிற்று. இலவசக் காபி மிக நன்றாக இருந்தால் காசுக் கடைக்கு யார் போவார்கள்?

தண்ணீர் செய்யும் வேலை

ஆனாலும் பழியை முழுவதும் கணக்கப்பிள்ளை மேல் போட முடியாது. ஒரு கோப்பைக் காபியில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். கப்பலில் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி கடலிலிருந்தே தயாராகிறது. குறைந்த அழுத்தத்தில், என்ஜின்கள் வெளிவிடும் வெப்பத்தைக் கொண்டே கடல் நீரை ஆவியாக்கிக் குளிரவைப்பது ஒரு முறை. நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிப்பது இன்னொரு முறை. இரண்டிலும் உப்போடு சேர்ந்து கால்சியம், மெக்னீசியம் போன்ற தாதுக்களும் போய்விடுகின்றன. பொடியிலிருந்து சுவையை இழுத்து வருவதில் இந்தத் தாதுக்களுக்குப் பங்கு உண்டு. பிறகு ஓரளவு தாதுக்களைத் திரும்பச் சேர்க்கிறார்கள். ஆனால் ஊருக்கு ஊர் தண்ணீரின் ருசி மாறுவதுபோலக் கப்பல் தண்ணீருக்கும் அதற்கென்று ஒரு ருசி.

அதோடு குளோரின். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே தொட்டித் தண்ணீரைக் குடிக்கும் இடத்தில் நோய்க்கிருமிக்கு இடம் கொடுக்க முடியாது. அமெரிக்கத் துறைமுகங்களுக்குச் செல்லும் கப்பல்களில், குழாயின் கடைசி முனையிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் போன்ற கிருமிநாசினி மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அந்நாட்டு நோய்த் தடுப்பு மையத்தின் விதி. காபி நிபுணர்களின் சர்வதேசச் சங்கமோ, நல்ல காபிக்கான தண்ணீரில் குளோரின் துளியும் இருக்கக் கூடாது, கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டும் என்கிறது. உயிரா, ருசியா என்றால் கப்பல் உயிரைத்தான் தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுக்கவும் வேண்டும்.

பாலும் இதே கதைதான். நாள்கணக்கில் கடலில் இருக்கும் கப்பலுக்கு வசதியானது, 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடாக்கிப் பெட்டியில் அடைத்த பால். கெடாது. ஆனால் அடுப்பில் பொங்கி இறங்கிய பாலின் ருசியை அதில் தேட முடியாது.

சரி, அறையிலேயே போட்டுக்கொள்ளலாமே? ஊர் ஊராகப் போகும்போது நம்மவர்கள் பெட்டியில் வைக்கும் கொதிக்கலன், வெந்நீர்க் கம்பிச்சுருள் எல்லாம் பெரும்பாலான கப்பல்களின் பாதுகாப்புச் சோதனையிலேயே நின்றுவிடும். கெடுபிடி என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். 2006 மார்ச்சில் 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலில் பிடித்த தீ ஏராளமான அறைகளை நாசமாக்கியது. ஒரு பயணி இறந்தார். அணைக்காமல் எறிந்த ஒரு சிகரெட் துண்டே காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது.

கப்பலில் வந்த காபி

கப்பலுக்கும் காபிக்கும் ஆகாது என்று முடிவு கட்டுவது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம். இந்தியாவுக்குக் காபி வந்ததே கடல் வழியாகத்தான். 17ஆம் நூற்றாண்டில் மெக்கா யாத்திரை சென்று திரும்பிய பாபா புடன், ஏமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு கொட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாக வரும் கதை. அந்த மலைக்கு இன்று அவர் பெயர்தான்.

கடல் காபிக்கு ருசி கூட்டிய காலமும் உண்டு. மலபார் கரையில் பாய்மரக் கப்பலில் ஏற்றிய காபிக் கொட்டை, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். ஈரக்காற்றில் ஊதிப் பெருத்து, வெளிறிய மஞ்சளாகி, புளிப்பு அடங்கிப் போய்ச் சேரும். வாங்கியவர்களுக்கு அந்த ருசியே பழகிவிட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, நீராவிக் கப்பல் வந்தது, பயணம் சுருங்கியது. கூடவே அந்த ருசியும் போயிற்று. இப்போது அதற்காகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் கொட்டையைப் பரப்பிப் பருவக்காற்றில் ஊறவைக்கிறார்கள். 'மான்சூன்டு மலபார்' என்று உலகச் சந்தையில் மரியாதையோடு விற்கும் சரக்கு அது.

இன்றும் நாட்டில் விளையும் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. பல ஆண்டுகளாக அதிகம் வாங்குவது இத்தாலி. ஆக, நம் கப்பலின் காபி பாரில் பளபளக்கும் இத்தாலியப் பொட்டலத்துக்குள் இருப்பது, சிக்மகளூரிலிருந்து போய்த் திரும்பி வந்த கொட்டையாகவே இருக்கலாம்.

எங்கே தேடுவது?

பெரியம்மாவுக்காக இரண்டாம் நாள் கப்பலை மேலும் கீழுமாக அலைந்ததில் கிடைத்த பாடங்கள் மற்றவர்களுக்கும் உதவலாம்.

முதலாவது, மேல்தள உணவுக்கூடத்தை மறந்துவிடுங்கள். கப்பலின் நடுக்கூடத்துக்கு அருகே பெரும்பாலும் ஒரு காபி பார் இருக்கும். கொட்டையை அங்கேயே அரைத்து எஸ்பிரஸோ போடுவார்கள். இயந்திரத்துக்குப் போகும் தண்ணீரைத் தனியாக வடிகட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இரட்டை எஸ்பிரஸோவும், தனிக் கோப்பையில் நுரையில்லாத சூடான பாலும் வாங்கி நீங்களே கலந்துகொண்டால் நம் ருசிக்குப் பக்கத்தில் வரும்.

இரண்டாவது, பரிமாறுபவர்கள் உள்ள சாப்பாட்டு அறைக்குக் காலையில் போய்ப் பாருங்கள். சில கப்பல்களில் அங்கே பொடியிலிருந்து புதிதாக வடித்த காபி வரும், கூடுதல் காசில்லாமல்.

மூன்றாவது, முன்பணம் கட்டும் பானத் திட்டங்களில் அவசரப்பட்டுச் சேராதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று விரல் விட்டு எண்ணிப் பெருக்கிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

நான்காவது, கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போதே விசாரியுங்கள். பிரிட்டிஷ் பழக்கமுள்ள பி அண்ட் ஓ, குனார்ட் கப்பல்களில் அறையிலேயே கெட்டில் வைக்கிறார்கள். இத்தாலியின் கோஸ்டா கப்பல்களில் அந்நாட்டு 'இல்லி' காபி பழகிய பெயர்.

ஐந்தாவது, மின்சாரம் கேட்காத கருவி நம் வீட்டு எவர்சில்வர் ஃபில்டர். கொண்டுபோகலாமா என்று நிறுவனத்திடம் முன்பே கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபில்டர் விஷயம் எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. பெரியம்மா அதைப் புடவை மடிப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கூடவே அரைக் கிலோ பொடி. கேட்டால், "இங்கே எல்லாம் கொடுப்பாங்கன்னு சொன்னாங்களே, எடுத்தா மரியாதைக் குறைவா இருக்கும்னு பார்த்தேன்" என்றார்.

நான்காம் நாள் விடியலில் உணவுக்கூடத்தில் கடை விரித்தோம். அங்கே வருவது கொதிநீர் அல்ல, வெந்நீர்தான். அதனால் முதலில் ஃபில்டரையே வெந்நீரில் அலசிச் சூடாக்கினார். வழக்கத்தைவிட ஒரு கரண்டி பொடி கூடுதலாகப் போட்டார். இருபது நிமிடம் காத்திருந்தோம். மேஜை துடைக்க வந்த பணியாளர் மணம் பிடித்து நின்றுவிட்டார். சிக்மகளூர் மாவட்டத்து மூடிகெரேக்காரர். வீட்டுக் கொல்லையில் காபிச் செடி உண்டாம். கப்பல் ஊழியர்களின் ஒப்பந்தம் பொதுவாக ஆறு முதல் ஒன்பது மாதம். அவருக்கு அது ஏழாவது மாதம். கேட்காமலே உள்ளே போய்ப் பாலை நீராவியில் சூடாக்கிக் கொண்டுவந்தார்.

பெரியம்மா ஆற்றிக் கலந்த முதல் டம்ளரை அவரிடம்தான் நீட்டினார். வேலை நேரத்தில் பயணிகளோடு குடிக்க அனுமதியில்லை என்று தயங்கினார். மாட்டுங்கா இந்தியில் பெரியம்மா ஏதோ அதட்ட, கையில் வாங்கி, மூக்கருகே சற்று நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுநாளும் அதே நேரத்துக்குப் பால் வந்தது.

மும்பையில் இறங்கி வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது ஃபில்டர் இருந்தது. பொடிப் பொட்டலம் இல்லை.