ஊரார் சொல்லும் சொல்லும், உங்கள் மறுமொழியும்
சர்க்கரை நோயுடன் வாழ்பவர்களுக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும்

சர்க்கரை நோயுடன் வாழ்பவர்கள் எங்களிடம் சொல்லும் குறைகள் எல்லாம் நோயைப் பற்றியவை அல்ல. கால் எரிச்சலையும் களைப்பையும் சொல்லி முடித்து, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழும் நேரத்தில் பலர் வேறொன்றைச் சொல்வார்கள். சம்பந்தி வீட்டுப் பந்தியில் எல்லோர் முன்னிலையிலும் இலையைப் பார்த்து ஒருவர் கேட்ட கேள்வி. வேலையிடத்தில் ஊசியைக் கண்டு முகம் சுளித்த சக ஊழியர். 'கஷாயம் குடித்தே ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டார்' என்று வற்புறுத்தும் உறவினர். இவை எந்த ஆய்வகச் சீட்டிலும் வருவதில்லை. ஆனால் அந்தச் சீட்டில் வரும் எண்களை மாற்றும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. பிறர் பார்ப்பார்களே என்று மதிய ஊசியைத் தவிர்ப்பவருக்கும், பேச்சுக்கு அஞ்சி மாத்திரையை ஒளித்து வைப்பவருக்கும் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஆகவே, மருந்தையும் உணவையும் போலவே இந்தப் பேச்சுகளை எதிர்கொள்வதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நாங்கள் கருதுகிறோம்.

இந்த நோயில் நீங்கள் தனித்தவர் அல்லர். சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது என அது மதிப்பிட்டது. வயது வந்தோரில் இது 11.4 விழுக்காடு, நகர்ப்புறங்களில் மட்டும் 16.4 விழுக்காடு. நகரத்துப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் என்பது இதன் பொருள். காலையில் தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்தொடர் வண்டியில் எந்தப் பெட்டியில் ஏறினாலும் இந்நோயுள்ளவர் பலர் உடன் பயணம் செய்வர். அவர்கள் சொல்லாததால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

நோயை மறைக்கும் வழக்கம் நம் பகுதிக்குப் புதிதன்று. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயரே 1928இல் மருத்துவர் சௌரி முத்து நிறுவிய காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் அந்தப் பெயரைச் சொல்லவே மக்கள் தயங்கினார்கள். பின்னர் அதே வளாகத்தில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சிகிச்சை தொடங்கியபோதும் தயக்கம் திரும்பியது. இவ்விரு நோய்களிலும் நாம் கற்ற பாடம் ஒன்றே: ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி மறைத்தவர்கள் தாமதமாக வந்தார்கள், தாமதமாக வந்தவர்களைக் காப்பது கடினமாயிற்று. சர்க்கரை நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. இருந்தும் மறைப்பு மட்டும் தொடர்கிறது. அடிக்கடி கேட்கும் சில பேச்சுகளையும், அவற்றுக்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுமொழிகளையும் இங்கே தருகிறோம்.

"இனிப்பு நிறையச் சாப்பிட்டதால்தானே வந்தது?"

இந்தக் கேள்வியில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வரும் முதல் வகை நோயில், உடலின் எதிர்ப்பு ஆற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கி அழிக்கிறது. அதற்கும் அந்தக் குழந்தை சாப்பிட்ட மிட்டாய்க்கும் தொடர்பில்லை. அதை வாங்கிக் கொடுத்த தாத்தாவுக்கும் தொடர்பில்லை. பெரியவர்களிடம் மிகுதியாகக் காணும் இரண்டாம் வகையில் பரம்பரை, வயது, வயிற்றுக் கொழுப்பு, உடலுழைப்புக் குறைவு, அளவு மீறிய உணவு எனப் பல காரணங்கள் சேர்கின்றன. இனிப்புப் பண்டங்கள் எடையைக் கூட்டுவதால் அவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் அது ஒன்றே காரணமன்று.

'ஒல்லியாக இருக்கிறாரே, இவருக்கா?' என்ற வியப்பும் பொருத்தமற்றது. மேனாட்டவரைவிடக் குறைந்த எடையிலேயே நம்மவர்களுக்கு இந்நோய் வருகிறது. அதனால்தான் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற வரம்பைத் தாண்டினாலே எச்சரிக்கிறோம்.

மறுமொழி: "இது ஒரு காரணத்தால் வருவதில்லை. எங்கள் குடும்பத்தில் பலருக்கு இருக்கிறது. நீங்களும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்." இந்தக் கடைசி வாக்கியம் பேச்சைப் பழியிலிருந்து பயனுள்ள இடத்துக்குத் திருப்பிவிடும்.

"இதைச் சாப்பிடலாமா?", "ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது!"

நம் விருந்துகளில் இந்த இரு குரல்களும் ஒரே பந்தியில் ஒலிக்கும். ஒன்று இலையைக் காவல் காக்கிறது. மற்றொன்று வேண்டாம் என்றாலும் பாயசத்தை ஊற்றுகிறது. இரண்டுமே அன்பினால் எழுபவை; இரண்டுமே உதவாதவை. சர்க்கரை நோயுள்ளவருக்கு எந்த உணவும் முற்றிலும் விலக்கப்பட்டதன்று. எவ்வளவு, எப்போது, எதனுடன் என்பதே கணக்கு. சோற்றின் அளவைக் குறைத்துப் பொரியலையும் பருப்பையும் கூட்டிக்கொண்டு, இரண்டு கரண்டி பாயசம் சுவைப்பவர் தவறு செய்யவில்லை. அதே சமயம், தினமும் ஏதேனும் ஒரு வீட்டில் 'ஒரு நாளைக்கு' என்று தொடங்கினால், திருமண மாதங்களில் அந்த ஒரு நாள் முப்பது நாளாகிவிடும்.

இலையைக் கவனிப்பவரிடம், "கணக்குப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன் மாமா, கவலைப்படாதீர்கள்" என்று சொல்லலாம். வற்புறுத்துபவரிடம், "கொஞ்சம் போதும் அத்தை, சுவைத்துப் பார்க்கிறேன், மோர் மட்டும் இன்னொரு டம்ளர் கொடுங்கள்" எனலாம். வேறொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டால், பரிமாறுபவரின் மனமும் நிறையும்.

"வெல்லம், கருப்பட்டி, கேழ்வரகு என்றால் பயமில்லை"

இது அறிவுரையாக வருவதால் பலரும் எளிதில் நம்பிவிடுகிறார்கள். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி இருப்பது சர்க்கரையே. அவற்றில் சிறிதளவு தாது உப்புகள் இருப்பது உண்மைதான். ஆனால் இரத்தச் சர்க்கரை அவற்றாலும் ஏறும். தேனும் அப்படியே. தானியங்களை எடுத்துக்கொண்டால், 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து என்றால், கேழ்வரகிலும் கோதுமையிலும் ஏறத்தாழ 65 கிராம். நார்ச்சத்து கூடுதலாக இருப்பது கேழ்வரகின் நன்மை. ஆனால் இரண்டு இட்லிக்குப் பதிலாகப் பெரிய கிண்ணம் நிறையக் கூழ் குடித்தால் அந்த நன்மை கரைந்துபோகும். இரவில் சோற்றுக்குப் பதில் ஆறு சப்பாத்தி சாப்பிடுவதும் இதே கதைதான்.

"ஊசிக்கு வந்துவிட்டதா? அப்படியானால் கடைசிக் கட்டம்"

மிகுந்த தீங்கு செய்யும் பேச்சு இதுவே. இன்சுலின் நம் உடலே சுரக்கும் ஒரு சுரப்பு. இரண்டாம் வகை நோயில் ஆண்டுகள் செல்லச் செல்லக் கணையத்தின் சுரக்கும் ஆற்றல் குறைவது இயல்பு. அந்தக் குறையை ஊசி நிரப்புகிறது. அது நோயாளி தோற்றுவிட்டார் என்பதற்கான அடையாளமன்று. அறுவை சிகிச்சை, கடும் தொற்று, கருவுற்ற காலம் ஆகியவற்றில் சில வாரங்களோ மாதங்களோ மட்டும் இன்சுலின் தந்து, பின் நிறுத்துவதும் உண்டு. ஆகவே 'போட ஆரம்பித்தால் பழகிவிடும்' என்பதும் சரியன்று.

1922 ஜனவரி 11 அன்று கனடாவின் டொராண்டோ நகரில் லியனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் முதல் வகை நோய் வந்த குழந்தைகள் பட்டினி உணவில் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ மட்டுமே வாழ்ந்தார்கள். இந்த ஊசியைச் சாவின் முன்னறிவிப்பாகப் பேசுவது வரலாற்றையே தலைகீழாகப் படிப்பதாகும். பாகிஸ்தான் வேகப்பந்து வீச்சாளர் வாசிம் அக்ரமுக்கு 1997இல் இந்நோய் கண்டறியப்பட்டது; இன்சுலினுடன் அவர் 2003 உலகக் கோப்பை வரை ஆடினார்.

மெப்ஸ் தொழிற்கூடங்களிலும் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களிலும் முறைப்பணி செய்வோர் ஊசி போடக் கழிவறைக்குள் ஒதுங்குவதாகச் சொல்கிறார்கள். அது தேவையில்லை, தூய்மையும் ஆகாது. உணவு மேசையிலேயே போட்டுக்கொள்ளலாம். யாரேனும் கேட்டால், "கண்ணாடி போடுவது போலத்தான் இதுவும், என் உடலில் குறைவதை நிரப்புகிறேன்" என்றால் போதும்.

"மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், நிறுத்திவிட்டு இதைக் குடியுங்கள்"

சர்க்கரை நோயில் சிறுநீரகத்தைக் கெடுப்பவை பல ஆண்டுகள் கட்டுப்படாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஆகும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தால் மெட்ஃபார்மின் போன்ற சில மாத்திரைகளின் அளவைக் குறைக்கிறோம் அல்லது நிறுத்துகிறோம். அதைப் பார்த்தவர்கள் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது. சித்த மருத்துவம் நாடுவோர் இத்தகைய இடத்தில் தகுதி பெற்ற மருத்துவரிடமே செல்லட்டும். இரு தரப்பு மருத்துவரிடமும் எல்லா மருந்துகளையும் சொல்லட்டும். பெயரில்லாத பொடியையும், 'முற்றிலும் குணம்' என்று விற்கும் சூரணத்தையும் நம்பி மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து. இரண்டாம் வகையினர் சிலர் எடையை நன்கு குறைத்து, மருந்தின்றியே மூன்று மாதங்களுக்கு மேல் எச்.பி.ஏ.1சி. அளவை 6.5 விழுக்காட்டுக்குக் கீழ் வைத்திருப்பது உண்டு. அதைத் தணிவு நிலை என்கிறோம். அதிலும் ஆண்டுதோறும் பரிசோதனை தேவை. ஆனால் முதல் வகை நோயுள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். இதில் யாருடைய அறிவுரையும் செல்லாது.

மறுமொழி: "கேட்டதற்கு நன்றி. மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்கிறேன்." விவாதிக்க வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

"சர்க்கரைக்காரருக்கா சர்க்கரை கொடுப்பது?"

இந்த ஒரு தவறான எண்ணம் உயிரையே பறிக்கலாம். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, குழறும் பேச்சு, தடுமாற்றம் ஆகியவை வரும். குடித்திருக்கிறார் என்று எண்ணிப் பேருந்திலும் ரயிலிலும் ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு. நினைவு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, ஏறாவிட்டால் அதையே திரும்பச் செய்ய வேண்டும். பிறகு உணவு தர வேண்டும். நினைவு இழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள்.

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரைகளோ எடுப்பவர்கள் தங்கள் நோயை வேலையிடத்தில் இருவருக்காவது சொல்லி வைக்க வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவது இதற்காகவே. உங்கள் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் குளுக்கோஸும், நோயையும் மருந்தையும் குறித்த ஒரு சீட்டும் எப்போதும் இருக்கட்டும்.

"இந்தப் பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள்?"

முதல் வகை நோயுள்ள பெண் குழந்தைகளின் பெற்றோர் இந்தக் கேள்வியை, குழந்தை பள்ளியில் படிக்கும்போதே கேட்கத் தொடங்குகிறார்கள். அதனால் பள்ளிக்கும் சொல்வதில்லை. விளைவு, வகுப்பில் மயங்கும் குழந்தைக்கு என்ன செய்வதென்று ஆசிரியருக்குத் தெரிவதில்லை. சி.பி.எஸ்.இ. 2017இலேயே இக்குழந்தைகள் பொதுத் தேர்வு அறைக்குள் தின்பண்டம் கொண்டு செல்ல அனுமதித்தது, கேட்டால்தான் கிடைக்கும். இப்பெண்கள் படிக்கலாம், வேலைக்குச் செல்லலாம், திருமணம் செய்துகொள்ளலாம். கருவுறுவதற்கு முன்பே சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தி, மருத்துவர் கண்காணிப்பில் நலமான குழந்தையைப் பெறலாம். மறைத்து நடத்தும் திருமணத்தில் முதல் பலி இன்சுலின் ஊசிதான் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். சொல்லி வரும் வரனே பாதுகாப்பான வரன்.

யாருக்கு எவ்வளவு சொல்வது?

எல்லோருக்கும் எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை. வழியில் சந்திப்பவர் கேட்டால் ஒரு புன்னகையும் "பார்த்துக்கொள்கிறேன்" என்ற ஒரு சொல்லும் போதும். அடிக்கடி பழகும் உறவினருக்கும் நண்பருக்கும் மேலே சொன்னது போல ஓரிரு வாக்கியம் சொல்லலாம். வீட்டில் உடன் வாழ்பவர்களுக்கு மட்டும் முழுமையாகச் சொல்ல வேண்டும். அவர்களை ஒருமுறை எங்களிடம் உடன் அழைத்து வாருங்கள். நீங்கள் பத்து முறை சொல்லியும் ஏற்காததை அவர்கள் இங்கு நேரில் கேட்டு ஏற்பதுண்டு. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மருந்து வீடு தேடி வருகிறது. அக்கம்பக்கத்தார் அறிவார்களே என்று அதைத் தவிர்க்க வேண்டாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். 'இன்று சர்க்கரை எவ்வளவு?' என்பதை மட்டுமே நாள்தோறும் கேட்காதீர்கள். எண் கூடியிருந்தால் 'என்ன தின்றீர்கள்?' என்று தொடங்காமல், 'நேற்று சரியாகத் தூங்கினீர்களா, மாத்திரை இருக்கிறதா?' என்று கேளுங்கள். அவருக்கு ஒரு சமையல், மற்றவர்களுக்கு ஒரு சமையல் என்று பிரிக்காதீர்கள். அவருக்கு ஏற்ற உணவு உங்கள் எல்லோருக்கும் ஏற்றதே. மாலையில் ஏரிக்கரையிலோ தெருவிலோ அரைமணி நேரம் அவருடன் சேர்ந்து நடங்கள்.

கடைசியாக ஒன்று. சர்க்கரை நோயுள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுதல். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால், யார் என்ன நினைப்பார்களோ என்று காத்திருக்காமல் சளிப் பரிசோதனைக்கு வாருங்கள்.