எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பின் மனசுக்கு யார் வைத்தியம் பார்ப்பது?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போகிறவரிடம் மருத்துவமனை நிறையப் பேசுகிறது. எத்தனை கிலோ குறையும், சர்க்கரை மாத்திரை எப்போது குறையும், எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பலாம், செலவு எவ்வளவு என்று எல்லாம் சொல்லிவிடுகிறார்கள். ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. மனசு கனத்துப்போன நேரங்களில் இத்தனை வருடமாகச் சாப்பாட்டைத்தானே நாடி வந்தீர்கள், இனி எதை நாடுவீர்கள்?

உணவை ஆறுதலாகப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவருக்கு ஆபரேஷனுக்குப் பின் வருவது ஓர் இழப்பு. வீட்டில் ஒருவர் இறந்தால் துக்கம் கேட்க வருவார்கள். இந்த இழப்புக்கு வாழ்த்துதான் வருகிறது. "சூப்பரா இளைச்சிட்டீங்களே" என்று ஊரே பாராட்டும்போது உள்ளே அழுகை முட்டுகிறது என்று யாரிடம் சொல்வது? சொன்னால், "இத்தனை லட்சம் செலவு பண்ணியும் நாக்கை அடக்க முடியலையா" என்பார்கள். அந்தப் பயத்திலேயே பலர் வாய் திறப்பதில்லை. இந்தத் துக்கம் இயல்பானது. முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டியது. சிகிச்சையின் ஒரு பகுதியாகவே மருத்துவமனை இதைக் கவனிக்க வேண்டும். அதைக் கேட்டுப் பெற நோயாளிக்கு உரிமையும் உண்டு.

வயிற்றுப் பசி வேறு, மனசின் பசி வேறு

நம் ஊரில் அதிகம் நடப்பது இரண்டு வகை. ஸ்லீவ் என்பதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய்போல் தைத்து விடுகிறார்கள். பைபாஸில் சுமார் 30 மில்லி மட்டும் கொள்ளும் ஒரு சிறு பையை உண்டாக்கி, அதைச் சிறுகுடலோடு நேரே இணைக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் திரவ உணவுதான். அதன்பிறகு கூழாக, குழைவாக, பிறகுதான் கெட்டியான சாப்பாடு. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. ஸ்லீவில் அந்தப் பகுதியே போய்விடுவதால் முதல் சில மாதங்கள் பசி அடங்கிக் கிடக்கும்.

ஆனால் ஆறுதலுக்காகச் சாப்பிட்டவர் பசிக்காகவா சாப்பிட்டார்?

காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு சாத்தும்வரை நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து, எல்லோருக்கும் தோசை வார்த்துப் போட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, பத்து மணிக்கு அவளுக்கென்று கால்மணி நேரம் கிடைக்கும். டிவி முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு கிண்ணம் மிக்சர், சூடாக ஒரு டம்ளர் காபி. மேனேஜரிடம் வாங்கிய பேச்சு அப்போதுதான் மறக்கும். ஆபரேஷன் அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொள்கிறது. பேச்சும் கால்வலியும் வீட்டுக் கவலையும் அப்படியே இருக்கின்றன. போதாததற்கு, தன்னால் சாப்பிட முடியாத தோசையை மற்றவர்களுக்கு வார்த்துப் போடுகிற வேலையும் அவளிடமே இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த பெண்களைச் சில வாரங்களாவது அடுப்படியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பேன். அதை ஓய்வுக்காக மட்டும் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் 'ஜாமா' மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை, அவர்களில் சுமார் 19 சதவீதம் பேருக்கு மனச்சோர்வும், சுமார் 17 சதவீதம் பேருக்குக் கட்டுப்பாடில்லாமல் அள்ளிச் சாப்பிடும் கோளாறும் இருந்ததாகக் கணக்கிட்டது. கத்தி பட்டதும் இவை தானாகக் கரைந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பலருக்கு முதல் வருடத்தில் மனச்சோர்வு குறையவே செய்கிறது. உடம்பு லேசாகிறது, மூட்டுவலி குறைகிறது, பழைய சட்டை போட முடிகிறது. எடை இறங்குவது நின்றுபோகும் காலம்தான் சோதனைக் காலம். பாராட்டும் அப்போது நின்றிருக்கும். தொங்கும் தோலும் கொட்டிய முடியும் கண்ணாடியில் தெரியும். மருத்துவமனைக்குப் போய்வருவதும் அதற்குள் குறைந்திருக்கும்.

கல்யாணப் பந்தியில் இவர்கள் படும் பாட்டை நேரிலேயே பார்க்கலாம். இலை நிறையப் பரிமாறிவிடுகிறார்கள். இவருக்குக் கொஞ்சம் கூட்டு, இரண்டு வாய் சாம்பார் சாதம், அதோடு நெஞ்சை அடைக்கிறது. பக்கத்து இலை அத்தை, "என்னடா இப்படிக் கொறிக்கிற" என்று பரிமாறுபவரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி போடச் சொல்கிறார். மறுத்தால் மரியாதைக் குறைவு, மிச்சம் வைத்து இலையை மூடினால் அழைத்தவர் முகம் வாடும். கை கழுவுகிற இடத்துக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி மொய் எழுதிவிட்டு வருகிறார். அடுத்த கல்யாணத்துக்கு அவர் போவதில்லை. இப்படித்தான் ஒருவர் மெல்ல மெல்லத் தனிமைப்படுகிறார். வற்புறுத்துகிற அத்தைக்கு அன்பைக் காட்ட வேறு வழி தெரியவில்லை என்பதும் உண்மைதான். அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது குடும்பத்தின் வேலை. அதை நோயாளியின் தலையில் கட்டக் கூடாது.

மனசு வேறு வழி தேடும்போது

மூடிய வழிக்குப் பதிலாக மனசு வேறொன்றைக் கண்டுபிடிக்கும். மிருதுவானதும் கரைவதும் சிறிய இரைப்பையிலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஐஸ்கிரீம், பாயசம், ஜிகர்தண்டா, காபியில் நனைத்த பிஸ்கட் என்று நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். எடை திரும்ப ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு வேகமாகக் குடலுக்கு இறங்கி வியர்வை, படபடப்பு, தலைசுற்றல், பேதி என்று படுத்தி எடுக்கும். எடை ஏறியவர் வெட்கப்பட்டுக்கொண்டு மருத்துவரிடம் போவதையே நிறுத்திவிடுகிறார். மருத்துவர் அதிகம் தேவைப்படும் நேரமும் அதுதான்.

மது இன்னும் ஆபத்தானது. அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்கு முந்தைய ஆண்டில் 7.6 சதவீதம் பேருக்கு இருந்த மதுப் பழக்கக் கோளாறு, இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமாகக் கூடியிருந்தது. பைபாஸ் செய்தவர்களுக்கே ஆபத்து அதிகம். அவர்களுக்கு மது குடலை வேகமாக எட்டி ரத்தத்தில் சீக்கிரமே உச்சத்துக்கு ஏறுகிறது. முன்பு குடித்துப் பழகிய அளவு இப்போது அதே அளவு இல்லை. வாகனம் ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 8,815 பேரை ஆபரேஷனுக்கு முன் மூன்று ஆண்டுகள், பின் மூன்று ஆண்டுகள் எனக் கவனித்த ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. தங்களைத் தாங்களே வருத்திக்கொண்டு அவசரச் சிகிச்சைக்கு வந்த நிகழ்வுகள் ஆபரேஷனுக்குப் பின் ஏறத்தாழ 50 சதவீதம் கூடியிருந்தன. பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நடந்தவை. மொத்தத்தில் 111 பேர்தான், நூறில் இருவரைக்கூட எட்டாத எண்ணிக்கை. ஆகவே யாரும் பயந்து ஆபரேஷனைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் ஆறு மாதத்தோடு மனநலக் கவனிப்பை முடித்துக்கொள்வது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எல்லாச் சோர்வும் மனசிலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரும்புச் சத்தும் பி12-ம் குறைந்தால் களைப்பு, மறதி, சோர்வு எல்லாம் வரும். நிற்காமல் வாந்தி எடுப்பவருக்குத் தயமின் என்ற பி1 சத்து வேகமாக வற்றிவிடும். குழப்பமான பேச்சு, பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தடுமாறுவது ஆகியவை வந்தால் அது அவசரம். மறுநாள் பார்ப்போம் என்று தள்ளிப்போடாமல் அப்போதே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், குறிப்பாக மெதுவாகக் கரையும் வகை மாத்திரை எடுப்பவர்கள், ஆபரேஷனுக்கு முன்பே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். குடலின் பாதை மாறிவிட்டால் மருந்து பழைய அளவில் உடம்பில் சேராமல் போகலாம்.

என்ன செய்யலாம்?

ஆபரேஷனுக்கு முன்பே தொடங்குவதுதான் நல்லது. சில வாரங்களுக்கு ஒரு நோட்டில், என்ன சாப்பிட்டோம் என்பதோடு எந்த மனநிலையில் சாப்பிட்டோம் என்பதையும் எழுதுங்கள். மாமியாரோடு வாக்குவாதம், பிறகு அரை பாக்கெட் முறுக்கு என்று எழுதிப் பார்க்கும்போது தன் வழக்கம் தனக்கே புலப்படும். ஆபத்தான நேரம் இரவு பத்து மணி என்று தெரிந்துவிட்டால், அந்த நேரத்துக்கு வேறொன்றை முன்கூட்டியே பழக்கிக்கொள்ளலாம். அது தெருவில் ஒரு நடையாக இருக்கலாம், அக்காவுக்கு ஒரு போனாக இருக்கலாம், வெந்நீர்க் குளியலாக இருக்கலாம். மிக்சர் தந்த சுகத்தை முதல் நாளே எதுவும் தராது. பழக நாள் பிடிக்கும். அதனால்தான் தையல் போடுவதற்கு முன்பே ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

தின்னத் தோன்றும் வேகம் பெரும்பாலும் அலைபோல் ஏறி, தானாகவே தணியும். அது தணியும்வரை காத்திருக்கும் பயிற்சியையும், சாப்பிடத் தூண்டும் எண்ணத்தைப் பிரித்துப் பார்க்கும் பயிற்சியையும் மனநல ஆலோசகர்கள் கற்றுத்தருகிறார்கள். இதே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கூடிப் பேசும் குழு உங்கள் மருத்துவமனையில் இருந்தால் அவசியம் போங்கள். அழ வேண்டும்போல் இருந்தால் அழுங்கள், பிரியாணியை நினைத்து அழுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. ருசி என்பதும் முழுக்கப் போய்விடுவதில்லை. மாதங்கள் கடந்து மருத்துவர் அனுமதித்த பிறகு, பிடித்த மீன் குழம்பைச் சின்னத் தட்டில் நான்கு வாய் நிதானமாக ரசித்துச் சாப்பிட முடிகிறவர்கள் இருக்கிறார்கள்.

சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு நிற்கிறது?

ஒரு சிகிச்சையின் நன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றைப் போதுமான அளவு விளக்கிய பிறகே சம்மதம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆகவே கையெழுத்துப் போடும் முன், மனநல மதிப்பீடு யார் செய்வார், ஆபரேஷனுக்குப் பின் எத்தனை முறை ஆலோசனை உண்டு, அது நீங்கள் கட்டும் தொகையில் அடங்குமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். மனநல ஆலோசகரைப் பார்க்காமலே தேதி குறிக்கும் இடத்தில் ஆபரேஷன் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 18 வயது நிரம்பி, மருத்துவர் பரிந்துரைத்து, மற்ற வழிகள் பலிக்காமல், பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறை எண்) 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், உடல் பருமன் என்ற காரணத்தை மட்டும் காட்டி இந்த ஆபரேஷனை விலக்க முடியாது. கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு போன்றவை இருந்தால் 35 போதும். காத்திருப்புக் காலம் போன்ற மற்ற நிபந்தனைகளைப் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உடல் நோய்க்குத் தரும் காப்பீட்டை மன நோய்க்கும் அதே அடிப்படையில் தரவேண்டும் என்கிறது. ஆனால் பல பாலிசிகள் வெளிநோயாளிச் செலவைத் தருவதில்லை என்பதால், ஆலோசனைக் கட்டணம் கிடைக்குமா என்பதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. உரிய காரணமில்லாமல் மறுத்தால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் தீராவிட்டால் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

அதே 2017 சட்டம் அரசு மனநலச் சேவையை ஒவ்வொருவரின் உரிமையாக்கியிருக்கிறது, நீங்கள் சொல்வதை ரகசியமாக வைக்கும் கடமையையும் விதித்திருக்கிறது. பணம் இல்லாதவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத் தயங்காமல் போகலாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்கிறது 115-ஆம் பிரிவு. போலீசுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். பணம் வாங்கிக்கொண்டு உறுதியளித்த கவனிப்பைத் தராத மருத்துவமனைமீது இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. மனம் வாடியதற்காக மட்டும் வழக்கு நிற்காது. என்ன சொன்னார்கள், என்ன சொல்லாமல் விட்டார்கள் என்பதற்கான தாள்தான் பேசும். அதனால்தான் எழுத்தில் வாங்கச் சொன்னது.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள் அடுத்த சந்திப்பிலேயே இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே செய்துகொண்டு மனசு தாளாமல் இருப்பவர்கள், குறிப்பாக வாழ்வதே வேண்டாம் என்று தோன்றுகிறவர்கள், இன்றே 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.