மனு பார்க்கப் போகிறவர்களுக்கு

சாத்தனூர் அணையைத் தாண்டி வரும் தென்பெண்ணை, மூங்கில்துறைப்பட்டைத் தொட்டுக்கொண்டு மணலூர்ப்பேட்டை, திருக்கோவலூர் வழியாகக் கிழக்கே சென்று, கடலூருக்கு அருகில் கடலில் கலக்கிறது. ஆற்றுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அதே கடலூரில், கேப்பர் மலையில் உள்ள மத்திய சிறைக்குத் தன் மகனைக் காணப் புறப்படும் மூங்கில்துறைப்பட்டுத் தாய்க்கோ அனுமதி வேண்டும், அத்தாட்சி வேண்டும், பஸ் செலவுக்குப் பணம் வேண்டும், ஒரு நாள் கூலியை இழக்கத் துணிவும் வேண்டும்.

சிறையில் இருப்பவரைச் சந்திப்பதற்கு நம் ஜனங்கள் வழங்கும் பெயர் 'மனு பார்த்தல்' என்பது. பெற்ற பிள்ளையைப் பார்ப்பதற்கும் மனுக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் அந்தச் சொல்லிலேயே தொனிக்கிறது. ஆனால், மனு என்றால் கெஞ்சுதல் என்று எண்ணிக் கூனிக் குறுக வேண்டியதில்லை. பிரான்சிஸ் கொரலி முல்லின் என்னும் பிரிட்டிஷ் மாது டில்லி திகார் சிறையில் காவலில் வைக்கப்பட்டிருந்தார். அவருடைய ஐந்து வயதுப் பெண் குழந்தை தாயைப் பார்க்க மாதம் ஒரே ஒரு முறைதான் அனுமதி. இந்த வழக்கில் 1981 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறிற்று. குடும்பத்தாரைச் சந்திப்பது, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்றும், மாதம் ஒரு முறை என்ற கட்டுப்பாடு செல்லாது என்றும் நீதிபதிகள் முடிவு செய்தார்கள். ஆகவே, சிறை வாசலில் நிற்கும் தாய் பிச்சை கேட்டு நிற்கவில்லை. தன் உரிமையைக் கேட்டு நிற்கிறாள்.

உரிமை இருந்தாலும் முன்யோசனை வேண்டும். நெடுந்தூரம் சென்று, வாசலோடு திரும்பி வருவதைப் போன்ற துயரம் வேறில்லை. முதற் காரியம், ஆள் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று நிச்சயப்படுத்திக் கொள்வது. கிளைச் சிறையில் இருந்தவரை மத்திய சிறைக்கு மாற்றியிருக்கலாம். வக்கீலிடம் கேட்கலாம், சிறைக்கே தொலைபேசியில் பேசலாம். அவர் விசாரணைக் கைதியா, தண்டனைக் கைதியா, தடுப்புக் காவலில் இருப்பவரா என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு வகையினருக்கும் மனு நாட்களும் தவணைகளும் வேறு. இப்போது 'இ-முலாகாத்' என்னும் அரசாங்க இணைய வசதியில் முன்கூட்டியே பெயரைப் பதிந்துகொள்ளவும் முடிகிறது. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் இந்த உதவியைச் செய்து தரலாம்.

புறப்படும்போது ஆதார் முதலிய அடையாள அட்டையின் மூலத்தையும் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். கைதியின் பெயர், தகப்பனார் பெயர், வழக்கு எண் ஆகியவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசி உள்ளே செல்லாது. ஆசையோடு சமைத்த பண்டத்தை மூட்டை கட்டுமுன், அதை உள்ளே விடுவார்களா என்று விசாரித்துவிடுங்கள். பணம் கொடுக்க விரும்பினால் அதைக் கையில் கொடுக்கக் கூடாது. அதிகாரிகளிடம் கட்டிக் கைதியின் கணக்கில் சேர்க்க வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் கலங்க வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் உள்ள எவருக்கும் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இவ்வளவு சிரமத்திற்குப் பிறகு கிடைப்பது சில நிமிஷங்கள். நடுவே கம்பி வலையோ கண்ணாடியோ இருக்கும்; பக்கத்திலே பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேசுவார்கள். அழுகையிலேயே நேரம் கழிந்து, ஜாமீன் விஷயத்தைக் கேட்க மறந்து திரும்புகிறவர்கள் உண்டு. எனவே, கேட்க வேண்டியவற்றை வரிசைப்படுத்திக்கொண்டு போவது நல்லது. உடம்பு எப்படி இருக்கிறது, மருந்து கிடைக்கிறதா, அடுத்த வாய்தா எப்போது, வக்கீல் வந்து பார்த்தாரா: இவை முதலில். பிறகு வீட்டுச் சமாசாரம். கடன்காரர் வந்து போன கதையைச் சொல்லாமலே இருக்கலாம். கறவைப் பசு கன்று போட்டதைச் சொல்லாமல் வரக்கூடாது. உள்ளே இருப்பவர் அடுத்த மனு நாள் வரையில் அதை நினைத்துக்கொண்டிருப்பார்.

கடலூராவது நம் பாஷை பேசும் ஊர். கல்வராயன் மலையிலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் கூலிக்காகச் சென்று, செம்மர வழக்குகளில் ஆந்திரச் சிறைகளில் அடைபட்டவர்களின் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். பாஷை தெரியாது, வழி தெரியாது. வருகிற வருமானமும் உள்ளே அடைபட்டவரோடு நின்றுபோயிற்று. கைதியைக் கூடிய வரையில் வீட்டுக்கு அருகில் வைக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் ஏற்ற விதிகள் கூறுகின்றன. அவ்விதிகளுக்கு நெல்சன் மண்டேலாவின் பெயரை இட்டிருக்கிறார்கள். ராபன் தீவில் ஆரம்ப வருஷங்களில் அவருக்கு ஆறு மாதத்திற்கு ஒரு சந்திப்பும் ஒரு கடிதமுந்தான் அனுமதி. அந்த வேதனையை அனுபவித்தவர் பெயரை இடுவதே பொருத்தம்.

தூரத்தையும் செலவையும்விடப் பலரைத் தடுப்பது வெட்கம். "ஊரார் என்ன சொல்வார்கள்?" என்று அஞ்சி, இருட்டில் பஸ் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்! 1918 நவம்பரில், புதுவையை விட்டு வந்த பாரதியார் கைதாகிக் கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தார். தேசத்திற்காகச் சிறை சென்றவரும் குற்றம் செய்து சிறை சென்றவரும் ஒன்றல்ல என்பது மெய்தான். ஆனால், வெளியே காத்திருக்கும் தாயின் கண்ணீரில் அந்த வித்தியாசம் இல்லை. குற்றம் யாருடையதாயினும், பார்க்கப் போகிறவள் ஒரு குற்றமும் செய்யவில்லை.

நம் தெருவிலும் அப்படி ஒருத்தி இருக்கக்கூடும். அவளிடம் வழக்கைப் பற்றி விசாரிக்க வேண்டாம். "அம்மா, மனு நாள் என்றைக்கு? நானும் கூட வரட்டுமா?" என்று கேட்டால் போதும். படிவத்தைப் பூர்த்தி செய்யவும், பஸ்ஸில் இடம் பிடிக்கவும், திரும்பி வரும்போது பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கவும் ஒரு துணை இருந்தால், கடலூர் அவளுக்கு அவ்வளவு தூரமாக இராது.