சிறைவாசலுக்கு வெளியே ஒரு பர்னபா



சித்தூரிலும் திருப்பதியிலும் கூடிவரும் நம் தமிழ்ச் சபைகளில், ஜெபக்குறிப்பு கேட்கும் வேளையில் ஒரு தாய் எழுந்து நின்று, "என் மகன் ஜாமீனில் வந்திருக்கிறான் ஐயா, லாரி ஓட்ட ஆசைப்படுகிறான், ஒரு வழி திறக்க ஜெபியுங்கள்" என்று கண்ணீரோடு சொல்லுவது புதிதல்ல. நாம் ஜெபிக்கிறோம். ஆராதனை முடிந்து வெளியே வரும்போதோ, "வழக்கு உள்ளவனுக்கு லைசென்ஸ் கொடுப்பார்களா? எந்த ஓனர் இவனை நம்பி வண்டியைக் கொடுப்பார்?" என்று நமக்குள்ளே முறுமுறுக்கிறோம். முதல் கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லுகிறது. இரண்டாவது கேள்விக்குச் சபையே பதில் சொல்லவேண்டும்.

மலையடிவாரத்தின் கண்ணீர்

சேஷாசலம் மலைகளில் வளரும் செம்மரம் உலகில் வேறெங்கும் இயற்கையாக இவ்வளவு திரளாக வளருவதில்லை. அந்த மரத்தை வெட்டுவதற்குக் கூலி பேசி, திருவண்ணாமலை, வேலூர், தருமபுரி, சேலம் மாவட்டங்களின் மலைக்கிராமங்களிலிருந்து நம் தமிழ் வாலிபர்கள் அழைத்துவரப்பட்டார்கள். பெரும்பணம் யார் கைக்கோ போயிற்று. சிறைவாசமும் மரணமும் கூலிக்காரனுக்குக் கிடைத்தது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை நம்மில் யார் மறக்கக்கூடும்? அதற்கு முன்பு, 2013 டிசம்பரில் அதே காட்டில் இரண்டு வனத்துறை அலுவலர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் மனைவி பிள்ளைகள் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. அந்த வழக்கில் பிடிக்கப்பட்ட தமிழர்களில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பதி நீதிமன்றம் 2016இல் விடுதலை செய்தது.

ஆகவே, "ஜெயிலுக்குப் போனவன்" என்ற ஒரே சொல்லால் எல்லாரையும் அளக்காதிருங்கள். வழக்கு நிலுவையில் உள்ளவன் ஒருவன், விடுதலையானவன் ஒருவன், குற்றம் செய்து தண்டனை அனுபவித்துத் திரும்பினவன் ஒருவன். மூவரும் ஒன்றல்ல. நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்க்காதவனைச் சபை குற்றவாளி என்று தீர்ப்பது நியாயமோ?

சட்டம் கதவை அடைத்துவிட்டதா?

இல்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில், வழக்கு உள்ளவன் சரக்கு லாரி ஓட்டக்கூடாது என்று பொதுவான தடை ஒன்றும் கிடையாது. ஆனாலும் இரண்டு பிரிவுகளை அறிந்திருப்பது நல்லது. 9ஆம் பிரிவின்படி, விண்ணப்பிக்கிறவர் வழக்கமாகக் குற்றம் செய்கிறவர், வழக்கமாகக் குடிக்கிறவர், போதைப்பொருளுக்கு அடிமையானவர், அல்லது முன்பு உரிமம் ரத்து செய்யப்பட்டவர் என்று கண்டால், அதிகாரி உரிமம் தர மறுக்கலாம். 19ஆம் பிரிவின்படி, கையில் இருக்கிற உரிமத்தையும் இப்படிப்பட்ட காரணங்களுக்காகப் பறிக்கலாம். கைது செய்யத்தக்க குற்றத்துக்கு மோட்டார் வாகனத்தைப் பயன்படுத்தியிருப்பதும் அக்காரணங்களில் ஒன்று. காட்டில் மரம் வெட்டும்போது பிடிபட்டவனைவிட, மரம் ஏற்றிய வண்டியை ஓட்டிப் பிடிபட்டவனுக்கு வழி இடுக்கமானது என்பது இதனால் விளங்கும்.

எனினும் இரண்டு பிரிவுகளிலும் அதிகாரி அவனை அழைத்து அவன் பக்கத்தைக் கேட்கவேண்டும். காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். உத்தரவு கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் நிற்கும் இடைத்தரகர், "கேஸ் இருக்கிறது, தனியாகச் செலவாகும்" என்று பயமுறுத்தினால் ஏமாந்துபோகாதிருங்கள்.

முதல் குற்றத்துக்காக 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் எச்சரித்தோ, நன்னடத்தைப் பத்திரம் பெற்றோ விடுவிக்கப்பட்டவருக்கு, அந்தத் தீர்ப்பினால் சட்டப்படியான தகுதியிழப்பு வராது என்று அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்லுகிறது. 18 வயதுக்கு முன் தவறு செய்தவருக்கும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இப்படிப்பட்ட பாதுகாப்பைத் தருகிறது. 16 வயது கடந்து, பெரியவர்களைப்போல் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவர்களுக்கு மாத்திரம் இது பொருந்தாது.

படிப்படியாக ஏறுங்கள்

வாலிபனே, சிறையிலிருந்து வந்தவுடன் பத்துச் சக்கர லாரியில் ஏற நினைக்காதே. சரக்கு வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்கவேண்டும். முதலில் இலகுரக வாகன லைசென்ஸ் எடு. அதை ஓராண்டாவது வைத்திருந்தால்தான் கனரக வாகனத்துக்கு எல்.எல்.ஆர். கிடைக்கும். அந்த ஓராண்டு வீணான காலமல்ல. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை இலகுரக லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி தீர்ப்பளித்திருக்கிறது. நாம் குட்டியானை என்று அழைக்கும் சிறு வண்டியில் காய்கறியும் பால் கேனும் ஏற்றி நற்பெயர் சம்பாதிக்கலாம்.

பின்பு அங்கீகாரம் பெற்ற டிரைவிங் பள்ளியில் கனரக வாகனம் கற்று, அவர்கள் தரும் சான்றிதழோடும் மருத்துவச் சான்றிதழோடும் தேர்வுக்குப் போகவேண்டும். எட்டாம் வகுப்பு தேறியிருக்கவேண்டும் என்ற பழைய விதி 2019இல் நீக்கப்பட்டது; ஆகவே படிப்பு இல்லை என்று சோர்ந்துபோகாதே. ஆனாலும் சாலைக் குறியீடுகளையும் சீட்டுகளையும் வாசிக்கக் கற்றுக்கொள். பெட்ரோல், கேஸ் போன்ற ஆபத்தான சரக்குகளுக்கு மூன்று நாள் தனிப்பயிற்சியும் லைசென்ஸில் அதற்கான பதிவும் வேண்டும். இப்படிப்பட்ட டேங்கர்களுக்கும் பெரிய கம்பெனி வண்டிகளுக்கும் காவல்துறைச் சரிபார்ப்புக் கேட்பதுண்டு. ஆகையால் சிறு உரிமையாளர்களிடம் தொடங்குவதே ஞானம். பலமநேர் காய்கறி, மதனப்பள்ளி தக்காளி, சித்தூர் மாம்பழக்கூழ், ஸ்ரீசிட்டி தொழிற்சாலைச் சரக்கு என்று இந்தச் சீமையில் லோடுக்குக் குறைவில்லை.

வாய்தாவை மறவாதே

வழக்கு நிலுவையில் உள்ள டிரைவர்கள் அதிகமாய் இடறுவது இந்த இடத்தில்தான். லோடோடு நாக்பூரில் நிற்கும்போது சித்தூர் நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடப்படும். ஆள் இல்லையென்றால் பிடிவாரண்டு பிறக்கும். அடுத்த செக்போஸ்டில் கைது. இப்படி வேலையும் ஜாமீனும் ஒரே நாளில் போய்விடும். வாய்தா தேதிகளை மனைவியும் அறிந்திருக்கட்டும். வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கட்டும். வரமுடியாத நாளுக்கு முன்கூட்டியே வழக்கறிஞர் மூலம் மனுப்போடவேண்டும். ஊரைவிட்டு, மாநிலத்தைவிட்டுப் போகக்கூடாது என்று ஜாமீன் நிபந்தனை இருக்கிறதா என்று உத்தரவை வாசித்துப் பார்க்கவேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். பெண்களுக்கும், சிறைக்காவலில் உள்ளவர்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இந்த உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்டறியலாம்.

ஓனரிடம் உண்மையைச் சொல்

"மறைத்துவிட்டால் என்ன?" என்ற எண்ணம் வரும். மறைத்தது ஒருநாள் வெளிப்படும்; அன்று வழக்கைக்காட்டிலும் பொய்யே உன்னைக் குற்றப்படுத்தும். ஓனருடைய பயமும் நியாயமானதே. செம்மரம் ஏற்றிய வண்டியைப் பறிமுதல் செய்ய ஆந்திர வனச் சட்டம் இடங்கொடுக்கிறது; 2016இல் தண்டனையும் கடுமையாக்கப்பட்டது. அவருக்கோ அந்த லாரிதான் முழுச் சொத்து, கடனும் தீர்ந்திராது. அவரிடம் போய், வழக்கு இன்னது, நிலை இன்னது, வாய்தா இன்ன தேதி என்று சொல். வழக்குத் தாள்களின் நகலைக் காட்டு.

இன்னும் ஒன்றை மனதிலே வை. கடத்துகிறவர்களுக்குக் கோடரி பிடிக்கிறவன் மாத்திரம் போதாது. வண்டி ஓட்டுகிறவனும் வேண்டும். தக்காளிப் பெட்டிக்குக் கீழே நான்கு கட்டைகள், ஒரே இரவு, ஒரு மாதச் சம்பளம் என்று பழைய சிநேகிதன் தாபாவில் வந்து உட்காருவான். நீ விட்டுவந்த சோதனை, ஸ்டியரிங் பிடித்த பின்பு இன்னும் பெரிய தொகையோடு வரும். அப்பொழுது யோசேப்பைப்போல ஓடு. ஓடிவந்து, அந்த இரவிலேயே ஓனருக்கும் உன் போதகருக்கும் போன் செய்.

சபையே, உன் பங்கு என்ன?

அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். விசுவாசிகளை வீடுவீடாய் இழுத்துச் சிறையில் போட்டவன் சவுல். அவன் எருசலேமுக்கு வந்து சீஷர்களோடே சேரப் பார்த்தபோது எல்லாரும் அவனுக்குப் பயந்தார்கள். அந்தப் பயத்தை வேதம் கடிந்துகொள்ளவில்லை. பயப்படக் காரணம் இருந்தது. பர்னபாவோ அவனைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடத்தில் அழைத்துப்போனான். சவுலின் பழைய காரியங்களை அவன் மூடி மறைக்கவில்லை. தமஸ்குவின் வழியில் நடந்ததையும் அதற்குப்பின் நடந்ததையும் விவரித்துச் சொன்னான். பின்னாளில் அதே பவுல், ஒநேசிமு என்னும் அடிமைக்காகப் பிலேமோனுக்கு நிருபம் எழுதி, அவன் பட்ட கடனைத் தன் கணக்கில் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டான். பர்னபாவிடம் பெற்றதைப் பவுல் ஒநேசிமுவுக்குக் கொடுத்தான்.

"அந்நியனுக்காகப் பிணைப்படுகிறவன் வருத்தப்படுவான் என்று நீதிமொழிகள் எச்சரிக்கிறதே" என்பீர்கள். மெய்தான். அறியாதவனுக்காகக் கையெழுத்துப் போடாதிருங்கள். ஆனால் ஞாயிறுதோறும் உங்கள் பக்கத்தில் உட்காருகிறவனை இன்னும் அந்நியனாகவே வைத்திருப்பது யாருடைய குறை? முதலில் அவனை அறியுங்கள். ஆறுமாதம் அவன் வேலையையும், பணம் செலவழிக்கும் விதத்தையும், குடியை விட்டானா என்பதையும் கவனியுங்கள். பின்பு சபையின் மூப்பர் இருவர் அவனோடுகூட லாரி ஓனரிடம் போய், உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். "ஒன்றும் நடவாது" என்று வாக்குக்கொடுக்க நம்மால் இயலாது. "வாரந்தோறும் இவனை விசாரிப்போம், வாய்தாவுக்கு நாங்கள் கூடவே போவோம், தவறு கண்டால் முதலில் உங்களிடமே சொல்லுவோம்" என்று வாக்குக்கொடுக்கலாம். ஓனர் இதைக் கேட்டும் மறுத்தால் அவரைப் பகைக்காதிருங்கள். அடுத்த வாசலைத் தட்டுங்கள்.

லைசென்ஸ் செலவுக்குச் சபையார் கைகொடுத்தால் அதைத் திருப்பித்தரும் கடனாகவே கொடுங்கள். மாதந்தோறும் சிறிது சிறிதாய் அடைக்கிறவன் தலைநிமிர்ந்து நடப்பான். எபேசியர் 4ஆம் அதிகாரத்தில் பவுல், முன்பு திருடினவன் திருட்டை விட்டால் போதும் என்று நிறுத்தவில்லை. குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கத்தக்கதாகத் தன் கைகளால் உழைக்கவேண்டும் என்கிறான். இன்று கடன் வாங்கி லைசென்ஸ் எடுத்தவன், நாளை வேறொரு வாலிபனுடைய லைசென்ஸுக்குக் கொடுக்கட்டும்.

பிரியமானவர்களே, அடுத்த ஞாயிறு அந்தத் தாய் மறுபடியும் எழுந்து நிற்பாள். அவளுக்காக ஜெபியுங்கள். ஜெபம் முடிந்தபின் அவள் மகனை அழைத்து, "தம்பி, உன் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது? அடுத்த வாய்தா எப்போது?" என்று கேளுங்கள். பர்னபாவின் ஊழியம் அந்தக் கேள்வியிலே தொடங்கும்.

கட்டுண்டவர்களை விடுதலையாக்குகிற கர்த்தர் தாமே நம் வாலிபர்களுடைய வழிகளைச் செவ்வைப்படுத்தி, நம்முடைய சபைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.