அழிக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கையெழுத்துப் போடாமல் எழுதித் தபாலில் சேர்க்கும் வசைக்கு மொட்டைக் கடிதம் என்று தமிழில் பெயர். அது ஒருவருக்கு எப்போதாவது ஒன்றிரண்டு வரும். எழுத்தின் சாயலை வைத்து, இன்னார் எழுதியிருக்கலாம் என்று ஊகிக்கவும் முடியும். கைபேசிக்கு வரும் வசையோ ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் குவியும். அனுப்பியவர் பத்துப் பெயர்களில் ஒளிந்திருக்கும் ஒரே ஆளாகவும் இருக்கலாம், பத்து ஊர்களில் இருக்கும் பத்துப் பேராகவும் இருக்கலாம்.

இப்படிச் சீண்டுபவரை ட்ரோல் என்கிறார்கள். படகின் பின்னால் இரையோடு தூண்டில் கயிற்றை இழுத்துச் செல்லும் மீன்பிடி முறைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரோடு இச்சொல்லைத் தொடர்புபடுத்துவது உண்டு. எதிராளி பதறிப் பதில் எழுதினால் மீன் கவ்வியதாகக் கணக்கு. கனடாவைச் சேர்ந்த எரின் பக்கல்ஸும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சீண்டுவதை ரசித்துச் செய்பவர்களிடம் பிறர் வேதனையில் இன்பம் காணும் குணம் கூடுதலாகத் தெரிந்தது. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2017இல் கண்டது இன்னொரு பக்கம்: மனநிலை கெட்டிருக்கும்போதும், தனக்கு முன் எழுதியவர்கள் வசைபாடியிருப்பதைப் பார்க்கும்போதும், சாதாரண மனிதரும் அதே வழியில் இறங்கிவிடுகிறார். அப்படியானால் முதல் வசையை எல்லார் கண்ணிலும் படும்படி விட்டுவைப்பது, அடுத்து வருபவருக்குத் துணிச்சல் கொடுப்பதாகும்.

பதிலே சொல்லாதே என்பது பழைய அறிவுரை. அது பாதிதான் சரி. கேலிக்கும் வம்புக்கும் மௌனம் போதும். “நீ தந்த கணக்குத் தப்பு” என்று ஒருவர் கடுமையாகச் சொன்னால் அது விமர்சனம். அதற்குப் பதில் சொல்வதே மரியாதை. “உன் சாதிக்கு எழுத்து எதற்கு” என்பது வெறுப்பு. அதோடு வாதாட எதுவும் இல்லை. ஆனால் வீட்டு முகவரியைக் குறிப்பிடுவதும், குழந்தை படிக்கும் பள்ளியின் பெயரைச் சொல்வதும், பெண்ணின் படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்புவதும் சீண்டல் கணக்கில் சேராது. அவற்றைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

இந்த வேறுபாடு சட்டத்திலும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, எரிச்சலூட்டும் செய்தியையே குற்றமாக்கியிருந்தது. 2012இல் மும்பை அருகே பால்கரில், ஃபேஸ்புக்கில் கருத்து எழுதிய இளம்பெண்ணோடு அதற்கு லைக் போட்ட தோழியும் கைதானார். 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. எரிச்சல் இன்று குற்றமில்லை, மிரட்டல் குற்றம். பெயரை மறைத்து மிரட்டுபவருக்கு, மிரட்டலுக்கான தண்டனையோடு மேலும் 2 ஆண்டுகள் வரை சிறை என்கிறது இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 507ஆம் பிரிவாக இருந்ததுதான் இது. மொட்டைக் கடிதக் காலத்து விதி கைபேசிக்கும் பொருந்துகிறது. விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் ஒரு பெண்ணை விடாமல் தொடர்புகொள்ள முயலும் ஆணுக்கு அதே சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு இருக்கிறது.

வழக்கு பெரும்பாலும் சறுக்குவது ஆதாரத்தில். அருவருப்பில் பலர் முதலில் செய்வது, செய்தியை அழித்து ஆளை பிளாக் செய்வது. அதற்கு முன் தேதியும் நேரமும் தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுக்க வேண்டும். திரையில் தெரியும் பெயரை எந்த நிமிடமும் மாற்றிவிடலாம் என்பதால், அந்தக் கணக்கின் இணைப்பையும் நகலெடுத்து வைப்பது அவசியம். மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கேட்கப்படும். எனவே செய்தி வந்த கைபேசியை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், நீக்கிய பதிவுகளைப் புலனாய்வுக்காக 180 நாட்கள் வைத்திருக்குமாறு தளங்களுக்குச் சொல்கின்றன. ஆறு மாதம் யோசித்துவிட்டுப் புகார் கொடுத்தால் அந்தத் தடயமும் போய்விடலாம்.

புகாரைத் தேசிய சைபர் கிரைம் தளத்திலும், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். 1930 என்ற எண் முக்கியமாகப் பண மோசடிக்கானது. இத்தனை வேலையையும் பாதிக்கப்பட்டவரே செய்ய வேண்டியதில்லை. கைபேசியை அக்காவிடமோ நண்பரிடமோ கொடுத்துவிட்டால், படித்துப் பார்த்து, எடுத்து வைத்து, பிறகு அவர்களே அழித்துவிடுவார்கள். திட்டு வாங்கியவர் அந்த வரிகளை இன்னொரு முறை படிக்காமல் தூங்கலாம்.