கடல் கடந்து கற்கச் செல்லும் நம் பிள்ளைகள்



ஆண்டுதோறும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நம் பேராக் மாநிலக் கோயில்களில் ஒரு காட்சியைக் காணலாம். மேற்படிப்புக்காக வெளிநாடு புறப்படும் பிள்ளையின் பெயரில் அர்ச்சனை நடக்கும். கோயில் பொறுப்பாளர்கள் மாலை அணிவித்து, ஓர் உறையைக் கையில் கொடுப்பார்கள். எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொள்வோம். மறுநாள் பிள்ளை ஈப்போவில் பேருந்து ஏறி விமான நிலையத்துக்குப் போய்விடும். அதன் பிறகு அந்தப் பிள்ளையின் பாடு என்ன என்று விசாரிப்பவர்கள் மிகக் குறைவு. பல்லாண்டுகள் பள்ளியில் பணியாற்றியவன் என்ற முறையில் அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். நம் பிள்ளைகள் பல நாடுகளுக்குச் சென்றாலும், லண்டனை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

அக்காலத்தில் கடல் கடந்து படிக்கச் சென்றவர்களுக்குப் பின்னால் உறுதியான ஏதோ ஒன்று நின்றது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அவருடைய தந்தையார் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தவர். அந்த வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே துணை நின்றதும் உண்டு. இங்கிலாந்தில் லிவர்பூல் நகருக்கு அருகே கிர்க்பி என்ற ஊரில், 1952 முதல் 1962 வரை, மலாயா ஆசிரியர்களுக்கென்றே ஒரு பயிற்சிக் கல்லூரி நடந்தது. மெர்டேக்கா நாள் எது என்பதைத் துங்கு அவர்கள் 1956 பிப்ரவரி 7ஆம் நாள் அந்தக் கல்லூரி மாணவர்களிடம் அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும்.

எனக்கு இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலம் போதித்தவர் கிர்க்பியில் பயின்றவர். கப்பல், விடுதி அறை, சாப்பாடு, கைச்செலவுக்குப் பணம் எல்லாம் அரசாங்கத்தின் பொறுப்பாக இருந்தன என்பார். குளிரும் வீட்டு நினைப்பும் மட்டுமே தங்கள் பொறுப்பாக இருந்தன என்று சொல்லிச் சிரிப்பார். கணித மேதை இராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் போனபோது கம்பளிக்குள் புகுந்து படுக்கத் தெரியாமல், விரித்த படுக்கையின் மேலேயே படுத்து நடுங்கினார் என்பதையும், மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர்தான் கம்பளியை விலக்கிக் காட்டினார் என்பதையும் அவர் சொல்லித்தான் முதலில் கேள்விப்பட்டேன். அவ்வளவு பெரிய மேதைக்கும் அந்த ஊரில் ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

பிறகு நிலைமை மாறியது. 1967இல்தான் பிரிட்டன் அயல்நாட்டு மாணவர்களுக்கென்று தனிக் கட்டணம் வைத்தது. உள்நாட்டு மாணவருக்கு 70 பவுன், அயல்நாட்டாருக்கு 250 பவுன். 1980இல் முழுச் செலவையும் அயல்நாட்டு மாணவர்களே ஏற்க வேண்டும் என்றாகிவிட்டது. அப்போது அங்கே படித்த அயல்நாட்டு மாணவர்களில் மலேசியர்களே மிகுதி. நம் தோட்டத்துப் பால் லண்டன் மின்சிங் லேனில் விலைபோன காலம் ஒன்று உண்டு. அந்தப் பாலை வெட்டியவர்களின் பிள்ளைகள் அதே ஊருக்குப் படிக்கப் போகும் காலம் வந்தபோது, கதவருகே கட்டணம் உயர்ந்து நின்றது.

இனி நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவன். தாய், தந்தை இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். 1997 செப்டம்பரில் சட்டம் படிக்க லண்டன் புறப்பட்டான். தந்தையின் சேமநிதிப் பணம், தாயின் நகை, கூட்டுப் பிடித்த பணம் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்திருந்தன. பவுன் ஒன்றுக்கு நான்கு வெள்ளிக்குச் சற்று மேல் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கிய பணச்சரிவு யாரையும் கேட்டு வரவில்லை. 1998 ஜனவரியில் பவுன் ஏழு வெள்ளியைத் தாண்டியது. பிள்ளை செலவைக் கூட்டவில்லை, தகப்பனார் கஞ்சத்தனம் செய்யவில்லை. ஆனாலும் மூன்றாண்டுக்கு என்று சேர்த்த பணம் இரண்டாண்டுக்குக்கூடக் காணாமற்போயிற்று.

அவனுக்கு மாலை போட்டவர்களில் நானும் ஒருவன். அப்போது நான் இருந்த ஒரு குழுவில் இந்தச் செய்தி வந்தபோது, அடுத்த பொதுக்கூட்டத்தில் பேசலாம் என்று ஒத்திவைத்தோம். பொதுக்கூட்டம் ஜூன் மாதம். பிள்ளை ஏப்ரலிலேயே திரும்பிவிட்டான். ஒரு மாதம் வரை யாருக்கும் சொல்லாமல் உறவினர் வீட்டில் இருந்தான். அவன் தகப்பனார் அதன்பின் நெடுநாள் கோயில் பக்கமே வரவில்லை. நாங்கள் எடுத்த படம் மட்டும் அந்த ஆண்டு மலரில் அழகாக வந்திருந்தது.

இன்றைய நிலைமையைப் பார்ப்போம். தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டன. வேலை வெளிநாட்டுத் தொழிலாளர் கைக்குப் போய்விட்டது. குடும்பங்கள் புந்தோங், சுங்கை சிப்புட் என்று நகர்ப்புறம் வந்துவிட்டன. தோட்டத்து வீடு கம்பெனியின் சொத்து என்பதால், அதை வைத்துக் கடன் வாங்கவும் வழி இல்லாதவர்கள் இவர்கள். பணம் சேர்க்கும் விதம் மட்டும் அன்றுபோலவே துண்டு துண்டாக இருக்கிறது. இங்கேதான் நன்கொடையாளர்கள் அறிய வேண்டிய விதி ஒன்று வருகிறது.

பிரிட்டன் மாணவர் விசா கேட்பவர், முதலாண்டுக் கட்டணத்தில் செலுத்தவேண்டிய பாக்கியோடு, ஒன்பது மாதம் வரை வாழ்க்கைச் செலவுக்கான பணமும் தம்மிடம் இருக்கிறது என்று காட்டக்கூடியவராய் இருக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் லண்டனுக்கு இது மாதம் 1,483 பவுன் என்று வைக்கப்பட்டது, பிறகும் கூட்டப்பட்டது. ஒன்பது மாதத்துக்கு 13,347 பவுன், அதாவது எழுபதாயிரம் வெள்ளிக்கு மேல். அந்தப் பணம் மாணவர் அல்லது பெற்றோர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் தொகை குறைந்தாலும் அந்த 28 நாளை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். மாமா கணக்கிலோ, கோயில் கணக்கிலோ இருந்தால் செல்லாது. மலேசியர்கள் விண்ணப்பத்தோடே இந்தச் சான்றை இணைக்க வேண்டியதில்லை என்றொரு சலுகை உண்டு. ஆனால் அதிகாரிகள் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும். சலுகை இருக்கிறதே என்று நம்பி, பணம் சேருமுன் விண்ணப்பித்துவிட்டுத் தவிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது நம் வழக்கத்தைப் பாருங்கள். செப்டம்பரில் மாலையோடு கொடுக்கும் ஐந்நூறு வெள்ளி, விசாவுக்கு எந்த வகையிலும் உதவாது. அதே பணம் ஜூன் மாதம் பிள்ளையின் கணக்கில் சேர்ந்திருந்தால் உதவியிருக்கும். கூட்டுப் பிடிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: ஆகஸ்டில் எடுக்கும் கூட்டு காலங்கடந்த கூட்டு. தகப்பனாருக்கு ஊழியர் சேமநிதியில் பணம் இருந்தால், பிள்ளையின் படிப்புக்காக ‘செஜாத்ரா’ கணக்கிலிருந்து எடுக்க இடமுண்டு. அதற்கும் பாரங்கள், நாட்கள் ஆகும். இவற்றோடு மருத்துவச் சேவைக் கட்டணம் ஒன்று உண்டு. 2024 பிப்ரவரி முதல் மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுன் என்று வைத்து, படிக்கும் ஆண்டுகள் அனைத்துக்கும் விசாவின்போதே மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். காசநோய்ச் சோதனையும் இங்கேயே செய்துகொள்ள வேண்டும்.

போய் இறங்கிய பிறகு வருவது வீட்டுப் பிரச்சினை. பல்கலைக்கழக விடுதி கிடைத்தால் நல்லது. வெளியில் அறை தேடினால், பிரிட்டனில் வாழ்கிற ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்பார்கள் வீட்டுக்காரர்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே ஒரு சித்தப்பா இருப்பார். நம் தோட்டத்துப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம் என்று சிலர் துணிச்சலாகச் சொல்வார்கள். பட்டப்படிப்பு மாணவர் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. மீறினால் விசாவுக்கே ஆபத்து.

துணை இல்லாமலும் இல்லை. பேஸ்வாட்டர் பகுதியில் உள்ள மலேசியா மண்டபத்தில் நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும். விம்பிள்டனில் 1981 முதல் பிள்ளையார் கோயிலும், ஹைகேட் பகுதியில் 1986 முதல் முருகன் கோயிலும் இருக்கின்றன. அங்கே வரும் அன்பர்களில் ஈழத் தமிழர்கள் மிகுதி. நாம் ‘பேசுறது’ என்பதை அவர்கள் ‘கதைக்கிறது’ என்பார்கள். இரண்டு வாரத்தில் பழகிவிடும். அறை, பகுதிநேர வேலை, பழைய குளிர்ச்சட்டை என்று பல விஷயங்கள் அந்தக் கோயில் வாசல்களில்தான் தெரியவரும். பிள்ளைகள் அங்கே போகத் தயங்கக்கூடாது. தாய்மார்களுக்கு ஒரு சொல்: மிளகாய்த்தூள், புந்தோங் கச்சாங் பூத்தே தாராளமாகக் கட்டிக்கொடுங்கள். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். பால் பொருள்களை அங்கே விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாண்டும் அங்கேயே இருக்கத்தான் வேண்டுமா என்பதையும் குடும்பங்கள் யோசிக்கலாம். 1996ஆம் ஆண்டு தனியார் உயர்கல்விச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டுக் கல்லூரிகளிலேயே இரண்டாண்டு படித்து, கடைசி ஓராண்டு மட்டும் அங்கே போகும் முறை பரவியிருக்கிறது. செலவில் பெரும்பகுதி வெள்ளியிலேயே முடிந்துவிடுகிறது. எந்த முறையானாலும், பணம் கட்டுமுன் அந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்று கேட்டுவிட வேண்டும். மருத்துவத்துக்கு மலேசிய மருத்துவ மன்றம் இருக்கிறது. பிரிட்டனில் சட்டப் பட்டம் பெற்றவர், அங்கே பாரிஸ்டர் ஆகாமல் வந்தால், இங்கே சி.எல்.பி. தேர்வு எழுதித் தேற வேண்டும். அதற்கும் ஓராண்டுச் செலவு இருக்கிறது.

நான் சொன்ன மாணவன் பின்னர் அந்த வழியில்தான் போனான். பகலில் வேலை பார்த்து, இரவில் படித்து, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிச் சட்டப் பட்டத்தை இங்கிருந்தே முடித்தான். மூன்றாண்டுப் படிப்புக்கு ஆறாண்டாயிற்று. சி.எல்.பி. இரண்டாம் முறை தேறினான். இப்போது அவனே, மன்னிக்கவும், அவரே, வெளிநாடு போகும் பிள்ளைகளின் பாரங்களை இலவசமாகச் சரிபார்த்துத் தருகிறார். நாணய மதிப்பு சரிந்தால் எடுத்துக் கொடுக்க, மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை எந்தக் குடும்பமும் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் போடும் முதல் நிபந்தனை. அதைச் சேர்க்க முடியாத குடும்பத்துக்கு நன்கொடையாளர் ஒருவர் அந்தப் பங்கை மட்டும் ஏற்கலாம். பிள்ளை படிப்பை முடித்ததும் அதை அடுத்த பிள்ளைக்கு மாற்றலாம் என்கிறார்.

அடுத்த செப்டம்பரில் புறப்படும் பிள்ளைகளின் பெற்றோர், மார்ச் மாதத்துக்குள் இடம் கிடைத்த கடிதத்தோடும் வங்கிப் புத்தகத்தோடும் வந்து பார்த்தால், கணக்குப் போட நேரம் இருக்கும். ஞாயிறு காலைப் பூசைக்குப் பின் நான் அலுவலகத்தில்தான் இருப்பேன்.