விமானப் பாதையின் தூரமும் பயண நேரமும்

அத்திபெலே, ஓசூரை அடுத்துக் கர்நாடக எல்லையில் அமைந்த ஊர். தேவனஹள்ளி விமான நிலையம் 2008 மே மாதத்தில் திறக்கப்பட்டபின், இவ்வூரார் சென்னைக்கு விமானமேற, பெங்களூர் நகரைக் கடந்து வடக்கே செல்ல வேண்டியதாயிற்று.

தேவனஹள்ளியும் மீனம்பாக்கமும் ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் உள்ளன. அவற்றின் தீர்க்கரேகை வேற்றுமை 2.46 பாகை. இவ்வட்சத்தில் தீர்க்கரேகையின் ஒரு பாகை சுமார் 108 கிலோமீட்டர். ஆகவே இடைத்தூரம் 270 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு என மாணவரே கணித்தறியலாம்.

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் இத்தூரத்திற்கு 20 நிமிடங்களே போதும். ஆயினும் கால அட்டவணை ஏறக்குறைய ஒரு மணி நேரம் காட்டுகிறது. தரையில் ஊர்தல், மேலெழுதல், முறைவரக் காத்து இறங்குதல் ஆகியவற்றில் அவ்வேகம் வாய்ப்பதில்லை என்பதே காரணம்.

அத்திபெலேயிலிருந்து விமான நிலையம் நேர்க்கோட்டிலேயே சுமார் 47 கிலோமீட்டர். சாலை அதனினும் நீளம். கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னைக்குச் சாலைத்தூரமோ 300 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. எனவே அவசரச் சிகிச்சைக்குச் செல்வோர் வானில் கழியும் நிமிடங்களை மட்டும் எண்ணாது, வீட்டுவாயில் முதல் மருத்துவமனை வாயில்வரை ஆகும் நேரத்தைக் கணக்கிட்டே வழியைத் தேர்தல் வேண்டும்.